கோல் கீப்பர் விளையும் நாடு

ஜூன் 14, சனி

காலை நான்கு டிகிரி. கார் கண்ணாடியில் பனி உறைந்து கிடந்தது. காலாவதியான ஜிம் கார்டால் சுரண்டி எடுத்தேன். அந்த கார்டுக்கு ஒருவழியாக ஒரு உபயோகம். பாயிண்ட் குக் வீட்டிலிருந்து மெல்போர்ன் ஐஸ் ஹாக்கி ரிங்குக்கு முப்பத்தைந்து நிமிடம். பாலத்தில் நெரிசல் இல்லை.

யாழினி அணி 4–2 வெற்றி. கோல் கீப்பர் என் பெண். எதிரணி அடித்தது முப்பத்தொன்று, உள்ளே போனது இரண்டு. நானே எண்ணினேன். ஸ்கோர் மேசையில் இருபத்தொன்பது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எண்ணியது தப்பு.

திரும்பி வந்ததும் இரண்டு கடிதங்களையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். ஒன்று கனடாவில் ஒரு விடுதிப் பள்ளி. இன்னொன்று பின்லாந்தில் ஒரு விளையாட்டு உயர்நிலைப் பள்ளி, ஆங்கில வகுப்பு உண்டு. இரண்டுமே இரண்டு வருடம், ஆகஸ்டில் ஆரம்பம். வெள்ளி மாலை ஐந்துக்குள் எதற்காவது ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். ஸ்காலர்ஷிப்பைக் கழித்தால் செலவு ஏறத்தாழ சமம். ஆகவே அந்தப் பேச்சு இல்லை.

யாழினிக்குப் பதினாறு. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: டிராஃப்ட். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்குகள் ஆண்டுக்கு ஒரு முறை உலகம் முழுவதிலிருந்தும் புதிய ஆட்களைப் பொறுக்கும் நாள். நம் கிரிக்கெட் ஏலம் மாதிரி கூச்சல் கிடையாது. அணிகள் முறை வைத்து ஒவ்வொரு பெயராக எடுக்கும். எந்த நாட்டில் பழகினால் அந்தப் பெயர்களில் ஒன்றாக ஆகலாம்? கேள்வி இவ்வளவுதான். பதில் ஒரு அட்டவணையில் கிடைக்கும்.

என் கணவர் பாஸ்கர்: "நீ டேபிள் போட்டுட்டியா?"

"நாளைக்கு."

"அப்ப சரி. முடிஞ்ச மாதிரிதான்."

கிண்டல்தான். ஆனால் உண்மை. ஆஸ்திரேலியாவா, கனடாவா, நியூசிலாந்தா என்று பதினெட்டு வருடம் முன்பு அட்டவணை போட்டவள் நான். இந்த வீட்டுக்கும் போட்டேன். ரயில் நிலையக் கார் பார்க்கிங்கில் மட்டும் ஏமாந்தேன். ஆஸ்பத்திரியில் எனக்கு அதுதான் வேலை: எந்த வார்டில் எத்தனை படுக்கை காலி, அடுத்த வாரம் எத்தனை வேண்டும். நான் சொன்ன எண்ணுக்கு அருகில்தான் எப்போதும் வந்து நிற்கும்.

வாங்க: தயிர், முதுகுவலித் தைலம், அவளுக்கு ஹெல்மெட் ஸ்க்ரூ.

ஜூன் 15, ஞாயிறு

காற்று. துணி வெளியே காயப்போட வழியில்லை.

காலை முழுக்க லேப்டாப். லீக்குகளின் பழைய டிராஃப்ட் பட்டியல்கள் இணையத்தில் கிடக்கின்றன. பெண்கள் லீக் புதிது, சில வருடப் பட்டியல்தான். போதாது. ஆண்கள் பட்டியலையும் சேர்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாடு. பெயரை எண்ணு, நாட்டில் போடு.

பார்த்தவரை:

கனடா. கூட்டத்தால் ஜெயிக்கிறது. ஊருக்கு ஒரு ரிங்க், தெருவுக்கு நாலு பிள்ளை.

அமெரிக்கா. வேகமாக ஏறி வருகிறது. பனியே விழாத மாநிலங்களிலிருந்தும் ஆள் வருகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. விருதுநகர்க்காரிக்கு ஐஸ் என்றால் ரோஸ்மில்க் கடையில் மரத்தூளுக்குள் இருந்தது. அப்படியானால் பனி முக்கியமில்லை, கூரையும் கரண்டும்தான் முக்கியம்.

ஸ்வீடன். சின்ன நாடு, நிறைய பேர். பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தேறினவன், தேறாதவன் என்று பிரிக்கமாட்டார்களாம்.

பின்லாந்து. இன்னும் சின்னது. கோல் கீப்பர் என்ற பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

செக், ஸ்லோவாக்கியா. ஒரு காலத்தில் ஓகோ, நடுவில் சரிவு, இப்போது மறுபடி தலைதூக்கல்.

சுவிட்சர்லாந்து, ஜெர்மனி. உள்ளூரிலேயே நல்ல லீக், நல்ல வாழ்க்கை. பாதிப் பேருக்கு வெளியே போகும் அவசரமே இல்லை.

லாட்வியா. ஆளே கிடையாது. ஆனாலும் வருகிறார்கள். எப்படி என்று புரியவில்லை.

ஆஸ்திரேலியா. மெல்போர்ன் ரிங்குகளை எண்ண ஒரு கை போதும். அதிலும் சனி மதியம் பிறந்தநாள் பார்ட்டி.

எண்ணிக்கையில் கனடா முதல். பக்கத்தில் யாரும் இல்லை.

மாலை ரஞ்சி அக்கா வந்தார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர், யாழ்ப்பாணம், குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் பால்சோறு. திரையை எட்டிப் பார்த்தார்.

"கனடாவோ? ஏன் பிள்ளை உதில தேடுறீர். என்ர தங்கச்சி ரொறன்ரோவில தானே இருக்கிறா. அவவின்ர ரெண்டாவது மகள் உந்த விளையாட்டுத்தான். பொறும், எடுக்கிறன்."

எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் தங்கச்சி, அங்கே விடிகாலை, ஏற்கெனவே ரிங்கில் நிற்கிறாராம்.

"அஞ்சு மணிக்கு வந்தனான் அக்கா. இஞ்ச ஏழு வயசில துவங்கினாலே பிந்திப்போச்சு எண்டுதான் சொல்லுவாங்கள். எங்கட கிளப்பில கோல் கீப்பருக்கு மட்டும் ஆறு பிள்ளையள். ஒருத்தி விளையாடுறாள். மற்றவள் பெஞ்ச் கதவைத் திறந்து பூட்டுறாள். மிச்சம் ஆக்கள் வீட்டில."

குறித்துக்கொண்டேன். ஒரு கிளப்பை வைத்து நாட்டை எடை போட முடியாது.

பால்சோறு அருமை.

ஜூன் 16, திங்கள்

பாஸ்கர் சிட்னி போனார், வியாழன் வரை. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் சீசன், படுக்கைகள் தட்டுப்பாடு. என் கணிப்பு சரியாகத்தான் இருந்தது, யாரும் பாராட்டவில்லை.

மதிய உணவு நேரத்தில் அட்டவணைக்கு ஒரு கட்டம் கூட்டினேன்: தலைக்கு எத்தனை. நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால் படம் வேறு. பின்லாந்தும் ஸ்வீடனும் துள்ளி மேலே வருகின்றன. அமெரிக்கா இறங்குகிறது. கனடா கொஞ்சம் வழுக்கினாலும் மேலேயே நிற்கிறது.

பிறகு இன்னும் கட்டங்கள்: ரிங்க் எண்ணிக்கை, பெண்கள் அணிகள், பயிற்சி நேரம், பள்ளிப் படிப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க், எது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வெயிட். ஆஸ்திரேலிய பி.ஆர். விசாவின் பாயிண்ட் கணக்கைப் பார்த்துப் பழகிய கை. வயதுக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று அவர்கள் எங்களை எடைபோட்டார்கள், இப்போது நான் நாடுகளை எடைபோடுகிறேன். திருப்தியாக இருக்கிறது.

முடிவு: கனடா 1, பின்லாந்து 2. நான் நினைத்ததுதான்.

ர. அக்கா சும்மா இருக்கவில்லை. சூரிச்சில் மச்சாள், ஒஸ்லோவில் மருமகன், டென்மார்க்கில் பக்கத்து வீட்டுக்காரரின் மகன். எல்லோரிடமும் விசாரித்துவிட்டார். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி குரல் செய்தியாக வந்து விழுகிறது. ஹாக்கி விளையாடும் நாடு அத்தனையிலும் அவருக்கு ஆள் உண்டு. பனி உள்ள இடமாகப் பார்த்துக் குடியேறியிருக்கிறார்கள் போல.

"பின்லாந்தில யாரும் இருக்காங்களாக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லைப் பிள்ளை. அங்க ஒருத்தரும் இல்லை."

ஜூன் 17, செவ்வாய்

மழை. ரயில் ரத்து, பதிலுக்கு பஸ். வீடு வர ஆறரை.

யாழினிக்கு அட்டவணையைத் திறந்து காட்டினேன். சோபாவில் படுத்தபடி லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினாள். பிறகு:

"மம், நாடுன்னு எதை எடுத்தீங்க?"

"லிஸ்ட்ல இருக்கறதைத்தான். பிறந்த இடம்."

"அப்போ ஐ ஆம் இந்தியா."

ஒரு நொடி புரியவில்லை. 

இவள் பிறந்தது விருதுநகர். நாங்கள் அப்போதே மெல்போர்னில்தான் இருந்தோம். ஆனால் தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதில் மாற்றுப் பேச்சே எழவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு, உடனே விமானம். மூன்று மாதக் குழந்தையாக இவளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். விருதுநகரில் அவள் பார்த்த ஐஸ் எதுவும் இல்லை. ஆனாலும் நாளைக்கு இவள் பெயர் டிராஃப்டில் வந்தால், என் அட்டவணைப்படி இந்தியா ஒரு ஐஸ் ஹாக்கி வல்லரசு.

எனக்கே தெரிந்திருக்க வேண்டும். நானும் தலைச்சன்தான். வளர்ந்தது விருதுநகர், பிறந்தது சாத்தூரில், என் அம்மாவின் ஊரில். எங்கள் வீட்டில் மூத்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிறந்த ஊர் அம்மாவின் ஊர்தான். இத்தனையும் தெரிந்தும் பிறந்த இடத்தை வைத்து ஆயிரக்கணக்கில் பெயர் எண்ணியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கீழே உள்ள பையன் இதைச் செய்திருந்தால் அரை மணி நேரம் திட்டியிருப்பேன்.

யாழினி சிரித்துக்கொண்டே இருந்தாள். "கோ டீம் இந்தியா."

முழுதும் மாற்ற வேண்டும். பிறந்த இடம் வேண்டாம், பதினான்கிலிருந்து பதினெட்டு வயது வரை எங்கே ஆடினார்கள் என்பதுதான் வேண்டும். ஒவ்வொரு பெயராகத் தேட நேரமில்லை. கோல் கீப்பர்களை மட்டும் எடுத்தேன். எப்படியும் எனக்கு வேண்டியது அவர்கள்தான்.

சாப்பாடு: ரசம், அப்பளம், முட்டை. சமைக்க மனமில்லை.

ஜூன் 18, புதன்

வெயில், ஆனால் ஊசி மாதிரிக் குளிர். வீட்டிலிருந்து வேலை.

புதிய கணக்கு முடிந்தது. கனடாவும் அமெரிக்காவும் மேலேதான். சில சின்ன நாடுகள் கரைந்துபோயின: பிறந்தது அங்கே, பழகியது வேறெங்கோ. அமெரிக்காவுக்கும் ஸ்வீடனுக்கும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் நிறைய. பின்லாந்து மட்டும் அசையவில்லை. அங்கே பிறந்தவர்கள் அங்கேயே பழகி, அங்கிருந்தே போயிருக்கிறார்கள்.

மாலை பயிற்சி. பார்க்கிங்கில் பாவெலைப் பிடித்தேன். யாழினியின் கோச், செக் நாட்டுக்காரர், பகலில் டைல்ஸ் ஒட்டும் வேலை. என்ன ரகசியம் என்று கேட்டேன். அவர் பதில் சுருக்கம்: பின்லாந்தில் சின்னக் கிளப்பிலும் கோல் கீப்பருக்கென்று தனி கோச் உண்டு. இங்கே அவர் ஒருவர், அவரும் கோல் அடிக்கும் முன்வரிசையில் ஆடியவர், கோலில் நின்றதே இல்லை. "உன் மகளுக்கு நான் சொல்லித்தர முடிந்ததெல்லாம் போன வருடமே முடிந்துவிட்டது" என்றார், சாதாரணமாக, பையை டிக்கியில் எறிந்தபடி.

இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் மாவட்டம் பல வருடம் பிளஸ் டூ தேர்ச்சியில் முன்னால் நின்றது. தண்ணீர் இல்லாத ஊர், நிழல் இல்லாத ஊர். வெயிலைக் குடித்து யாரும் கணக்கில் சதம் எடுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் மாலை ஆறு வரை உட்காரவைத்த ஒரு டீச்சர் இருந்தார், அவ்வளவுதான்.

தனி கோச் என்று ஒரு கட்டம். பின்லாந்துக்குப் பத்து. கனடாவுக்கு ஏழு, பள்ளியின் வலைப்பக்கத்தில் வாரம் இருமுறை என்று போட்டிருக்கிறது.

கூட்டினால் இன்னமும் கனடா 1. இடைவெளி குறைந்திருக்கிறது. கனடாதான். தப்பாகாது.

பாஸ்கர் போன். வேலை சீக்கிரம் முடிந்ததால் சிட்னிக்கு வெளியே ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போனாராம். யாழினி பெயருக்கு அர்ச்சனை.

"எந்த நாடுன்னு சொன்னீங்க?"

"வெளிநாட்டுப் பயணம்னு சொல்லிட்டேன்."

"நாம இருக்கறதே வெளிநாடுதான்."

"பெருமாளுக்குப் புரியும். நீ டேபிளைப் பாரு."

ஜூன் 19, வியாழன்

மேகமூட்டம். பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மறந்து போச்சு.

சண்டை. எழுதிவிடுகிறேன்.

யாழினி பள்ளியிலிருந்து வந்து, தன் போனில் அட்டவணையைத் திறந்திருக்கிறாள். மேலே கட்டங்களின் எழுத்து வரிசையில் ஒன்று குறைவதைக் கவனித்திருக்கிறாள். ஜி-க்கு அப்புறம் ஐ. நடுவில் ஒன்று மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது. திறந்துவிட்டாள்.

தலைப்பு: "நம்ம ஆள்". வெயிட் முப்பது. மற்ற எதற்கும் பதினைந்துக்கு மேல் இல்லை.

கனடா பத்துக்குப் பத்து. நார்வே, சுவிஸ், டென்மார்க் எல்லாம் எட்டு. பின்லாந்து பூஜ்யம்.

"மம், திஸ் இஸ் சீட்டிங்."

"சீட்டிங் இல்ல. காய்ச்சல்னு படுத்தா கஞ்சி வைக்க ஒரு ஆள் வேணும்ல. அதுவும் ஒரு காரணிதான்."

"தென் வை ஹைட் இட்?"

 மறைத்தால் கூட்டலில் சேரும், கண்ணில் படாது. அதற்காகத்தான் மறைத்தேன். திங்களன்றே, பின்லாந்தில் ஒருத்தரும் இல்லை என்று ர. அக்கா சொன்ன பத்து நிமிடத்தில்.

"ஆஸ்திரேலியா ஏன் லிஸ்ட்ல இருக்கு?" என்றாள் அடுத்து.

"ஒப்பிட்டுப் பாக்க."

"இங்கயும் டென் அவுட் ஆஃப் டென்."

"இங்க நாங்க இருக்கோம்ல."

அவள் அந்த முப்பதை அழித்துப் பூஜ்யம் போட்டாள். பின்லாந்து மேலே போனது. வித்தியாசம் ஒரு விரல்கடைதான், ஆனாலும் மேலே. நான் சத்தம் போட்டேன். பதினாறு வயதுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி பேசாதே, இரண்டு வருடம், மொழி தெரியாத ஊர், மதியம் மூன்று மணிக்கு இருட்டிவிடும், இன்னும் என்னென்னவோ. நான் இருபத்தேழு வயதில் வந்தேன், என்னோடு பாஸ்கர் இருந்தார், அப்படியும் முதல் ஆறு மாதம் குளியலறையில் அழுதேன். அதையும் சொல்லிவிட்டேன். இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

அவள் திரும்பக் கத்தவில்லை. ரெண்டு பள்ளிக்கும் செவ்வாயன்றே மெயில் போட்டிருக்கிறாளாம், ஒரே ஒரு கேள்வி: முதல் வருடம் நான் எத்தனை மேட்ச் நிற்பேன்? "தட்ஸ் மை காலம்" என்றாள். காலம் என்றால் கட்டம்; உங்கள் அட்டவணையில் என் கட்டம் இல்லையே என்று அர்த்தம்.

இல்லைதான். இத்தனை கட்டம் போட்டவளுக்கு அது தோன்றவில்லை. ரொறன்ரோ தங்கச்சி ஞாயிறன்றே சொன்னார். நான்தான் ஒரு கிளப் கதை என்று தள்ளிவிட்டேன்.

பாஸ்கர் எட்டு மணிக்கு வந்தார். வீட்டின் மௌனத்தைப் பார்த்துவிட்டு நேராகப் போய்ப் பாத்திரம் கழுவினார்.

ஜூன் 20, வெள்ளி

காலை மூடுபனி, எதிர்வீடு தெரியவில்லை.

இரண்டு பதிலும் வந்துவிட்டன. யாழினி காலைச் சாப்பாட்டில் படித்துக் காட்டினாள்.

கனடா: அன்பான பதில், நேர்மையான பதில். ஏற்கெனவே இரண்டு கோல் கீப்பர்கள் இருக்கிறார்கள், இருவரும் கடைசி வருடம். முதல் வருடம் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டியிருக்கும், பயிற்சியில் நிரூபித்தால் பார்க்கலாம்.

பின்லாந்து: நான்கு வரி. உன்னோடு சேர்த்து கோல் கீப்பர்கள் இரண்டு பேர். மேட்ச்களைப் பாதிப் பாதியாகப் பிரிப்போம். கோச் தினமும். கால் காப்புப் பேட் சொந்தமாகக் கொண்டு வா.

பள்ளிக்கு அவளை இறக்கிவிட்டுவிட்டு வண்டியை அங்கேயே நிறுத்தி, போனிலேயே புதுக் கட்டம் சேர்த்தேன். ஆடும் நேரம். வெயிட் இருபது. "நம்ம ஆள்" கட்டத்தை அழிக்கவில்லை, எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்துவைத்து, வெயிட்டை நியாயமாகப் பத்தாக வைத்தேன். பின்லாந்து முதல். இந்த முறை விரல்கடை இல்லை, ஒரு முழம்.

நல்ல அட்டவணை. என் வாழ்க்கையில் போட்டவற்றில் இதுதான் சிறந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

மதியம் பாஸ்கருக்கு போன்.

"பின்லாந்து."

"அங்க நமக்கு யாரும் இல்லையேம்மா."

"இல்ல."

"நீ கன்ஃபர்மா சொல்றியா?"

"கன்ஃபர்ம்."

"சரி."

அவருடைய சரிக்கு முன்னால் ஒரு இருமல் இருந்தது.

மூன்றரைக்கு யாழினி வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்தேன். நீ சொல்லு என்றேன். "பின்லாந்து" என்றாள், அட்டவணையைப் பார்க்காமலே. பெற்றோர் கையொப்பம், பாஸ்போர்ட் நகல், தடுப்பூசிப் பட்டியல், எல்லாம் சேர்த்து 4.20-க்கு அனுப்பினேன். கனடாவுக்கு நன்றிக் கடிதம் அவளே எழுதினாள். நல்ல ஆங்கிலம். என் ஆங்கிலத்தைவிட நல்லது.

ர. அக்காவிடம் சொல்லப் போனேன். கனடா இல்லை என்றதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு போனை எடுத்து ஒரு குரல் செய்தி போட்டார்.

"ஒஸ்லோவில இருந்து உது கனக்க தூரமே? ஒண்டரை மணித்தியாலம் பிளேனில எண்டு நினைக்கிறன். நான் மருமகனுக்குச் சொல்லிப்போட்டன், பிள்ளை போய் இறங்கின அடுத்த கிழமை போய்ப் பாத்திட்டு வருவான். நீர் யோசியாதையும்."

"அவரைக் கேக்காமலேயாக்கா?"

"ஏன் கேப்பான்? போகச் சொன்னாப் போறான்."

பூஜ்யத்தை இரண்டாக மாற்றலாம் என்று தோன்றியது. மாற்றவில்லை, ஏற்கெனவே அனுப்பியாயிற்று.

ஜூன் 21, சனி

மூன்று டிகிரி. மேட்ச். தோல்வி, 1–5. ஐந்தில் இரண்டு அவள் தடுத்திருக்க வேண்டியவை. அவளுக்கும் தெரியும், நான் சொல்லவில்லை.

திரும்பும் வழி. டிக்கியிலிருந்து ஹாக்கிப் பையின் நாற்றம், கண்ணாடியை ஒரு விரல் இறக்கினோம். அவள் முன் சீட்டில், தலை இன்னும் ஈரம், போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலை என் அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒரு புதுத் தாளாகப் போடுகிறாளாம். நல்ல பழக்கம் என்றேன்.

பாலம் ஏறும்போது சொன்னாள்:

"மம், எடிட் ஹிஸ்டரி பார்த்தேன்."

எந்த எண்ணை எந்த நிமிடம் மாற்றினேன் என்பது அத்தனையும் அதில் பதிவாகியிருக்கும்.

"வெட்னஸ்டே பத்தேகாலுக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"மீட்டிங்."

"மீட்டிங்ல நம்ம ஆளை முப்பதுல இருந்து ஐம்பது ஆக்கியிருக்கீங்க. அப்புறம் எண்பது. அப்புறம் நூறு."

ஆமாம். கேமராவை அணைத்துவிட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த நோட்டில்கூட எழுதவில்லை. எழுதினால் நான் செய்ததாக ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. ஆஸ்திரேலியாவை மேலே கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். எத்தனை கூட்டினாலும் கனடாவைத் தாண்டவில்லை. ர. அக்காவின் தங்கச்சி அங்கே இருப்பதால் கனடாவுக்கும் அந்தக் கட்டத்தில் முழு மார்க்.

"அப்புறம் நியூ காலம் ஒண்ணு போட்டிருக்கீங்க. வீடுன்னு."

 லாரி ஒன்று பக்கத்தில் வந்தது, அதைப் போகவிட்டேன். அந்தக் கட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் பத்து, மற்ற எல்லா நாட்டுக்கும் பூஜ்யம். வெயிட்டை ஏற்றிக்கொண்டே போனேன். ஐநூறு போட்டதும் வந்தது.

"டென் ஃபார்ட்டி ஒன்ல ஆஸ்திரேலியா ஃபர்ஸ்ட். டென் ஃபார்ட்டி டூல அந்தக் காலமே இல்ல, நம்ம ஆளும் மறுபடி முப்பது."

"அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"அது தப்பான டேபிள். அதை வச்சு உன்னை நிறுத்தக் கூடாது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, நான் அழுதுகொண்டிருந்ததால். பிறகு சொன்னாள், வழக்கமான மம் இல்லாமல்:

"அந்த ஒரு நிமிஷத்தை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்மா. அங்க கொண்டு போறேன்."

பாயிண்ட் குக் எக்ஸிட் எப்போது போனது என்று இருவருக்கும் தெரியவில்லை. வெரிபீ வரை போய்த் திரும்பி வந்தோம்.